எழுதிக்கொண்டு போனதைத் திரும்ப வந்து சொல்லுங்கள்

மாவட்டந்தோறும் தாய் இறப்புகளை விசாரிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

2013-ல் உங்களைப் போன்ற ஒரு குழு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் என் மதினி இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வலி எப்போது கண்டது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எங்கிருந்து எங்கே மாற்றி அனுப்பினார்கள், ரத்தம் ஏற்றினார்களா என்று ஒன்றுவிடாமல் கேட்டார்கள். எவ்வளவு ரத்தம் போனது என்று கேட்டபோது அம்மாவுக்கு அளவு சொல்லத் தெரியவில்லை. "ரெண்டு பழைய சேலை முழுக்க நனைஞ்சு, கட்டில் கால் வழியா சொட்டுச்சும்மா" என்றாள். எழுதிக்கொண்டிருந்த செவிலியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். குழு போன பிறகு எங்களுக்கு ஒரு சேதியும் வரவில்லை.

கேட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. கேட்டதால்தான் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியாக விசாரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 1990-களிலேயே தொடங்கிவிட்டது. இரவிலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, ரத்த வங்கி என்று ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2001-03-ல் இங்கே ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. இந்தியா முழுவதற்கும் 301 ஆக இருந்தது 97 ஆனது. உலக அளவில் 2000-ல் 328, 2023-ல் 197. ஆனால் 2016-க்குப் பிறகு உலகெங்கும் அந்த இறக்கம் மந்தமாகிவிட்டது. 2030-க்குள் 70-க்குக் கீழே கொண்டுவருவோம் என்று நாடுகள் கொடுத்த வாக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. 2023-ல் மட்டும் ஏறக்குறைய 2,60,000 பெண்கள் போய்விட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருத்தி.

உங்கள் விசாரணையின் முடிவு எங்களுக்கு வராததால் ஊர் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டது. பிறந்த பெண்பிள்ளையின் நட்சத்திரம் தாய்க்கு ஆகாது என்றார்கள். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள். என் அம்மா வைத்துக்கொண்ட தீர்ப்பு வேறு. வலி கண்ட இரவில் "விடியட்டும், போவோம்" என்று சொன்னவள் அவள். அப்படித் தாமதித்த அரை மணி நேரத்தால்தான் மருமகள் போனாள் என்று இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுகிறாள். உதிரம் பெருகியதோ ஆஸ்பத்திரியில், பிள்ளை பிறந்த பிறகு. அம்மாவின் அரை மணிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது உங்கள் படிவத்தில் இருக்கும். அந்த ஒரு வரி அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

முடிவுகளைப் பொதுவில் வைத்தால் மருத்துவர்கள் உண்மையை மறைப்பார்கள், அடிதடி வரும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடைவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் பெயர்களை மறைத்து ஒவ்வொரு தாய் இறப்பையும் ஆராய்ந்து, எங்கே தவறியது என்று அச்சிட்டு வெளியிடுகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் இதையே செய்கிறது. யாரையும் தண்டிக்காமல் பாடத்தை மட்டும் வெளியே எடுக்க வழி இருக்கிறது.

அப்படி வெளியே வந்த பாடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தச் சேலைக் கணக்கே சாட்சி. கண்ணால் பார்த்து ரத்தத்தை மதிப்பிட்டால் குறைவாகத்தான் தோன்றும் என்பது பிரசவ வார்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, கோட்டைத் தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கிப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. வழக்கமான முறையில் ஏறக்குறைய பாதி உதிரப்போக்கு கண்ணில் படாமலே போயிருந்தது. விரிப்பு போட்ட இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடிபட்டது. கடும் உதிரப்போக்கு, வயிற்றைத் திறக்கும் அறுவை, உயிரிழப்பு மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஐயா.

நான் கேட்பது இரண்டு. விசாரணை முடிந்ததும் ஒருவர் அந்த வீட்டுக்குத் திரும்பப் போய், தெரிய வந்ததை அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பெயரும் ஊரும் இல்லாமல், மாவட்ட வாரியாக அந்தப் பாடங்களைத் தமிழில் வெளியிட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் முதல் பிள்ளைத்தாய்ச்சிகளின் மாமியார் வரை படிக்கும்படி.

பழைய கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள். என் அம்மாவுக்கு 71 வயதாகிறது. காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்துவிடுவாள். அவளும் இருக்கும்போது வாருங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் அத்தை