பழைய பொத்தானை வெட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பொத்தான்களையும் அறுந்துபோன நகைத் துண்டுகளையும் கோத்து பிரேஸ்லெட் செய்வது பற்றி ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் பொத்தானின் பின்னால் இருக்கும் வளையத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பசையால் ஒட்டச் சொல்லியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வெட்டிவிட்டால் அது திரும்பப் பொத்தானாகவே ஆகாது, அந்த வளையத்திலேயே சின்னக் கம்பி வளையத்தை மாட்டிச் சங்கிலியில் கோத்தால் தாராளமாக நிற்கும்.

பழைய பொத்தான்கள் அற்பமான சாமான்கள் இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான மஸ்கட்டைனில், ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் பெப்பிள் என்பவர் 1891இல் ஆற்றுச் சிப்பியை வட்டம் வட்டமாக அறுத்துப் பொத்தான் செய்யத் தொடங்கினார், 1905 வாக்கில் அந்த ஊரே வருடத்துக்கு சுமார் 150 கோடி பொத்தான் செய்தது, அப்புறம் சிப்பியும் குறைந்தது, பிளாஸ்டிக்கும் வந்தது. அந்தத் தொழில் போய்விட்டது, மிச்சம் இருப்பது இந்தப் பொத்தான்கள்தான்.

இன்னொன்று: செல்லுலாய்ட் என்ற அந்தக்கால பிளாஸ்டிக்கில் செய்த பழைய பொத்தான் சட்டென்று தீப்பிடிக்கும், சூட்டுப் பசைத் துப்பாக்கியை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. எஃகுப் பொத்தானைத் தண்ணீரில் போட்டால் துருப்பிடிக்கும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிள்ளைகளும் படித்துச் செய்து பார்ப்பார்கள், அதனால் இந்த இரண்டையும் அடுத்த ஞாயிறே தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி