சுவரில் இருக்கும் பென்சில் கோடுகள்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்குத் துணையாகப் போகும் எங்கள் குழுவில் இந்த வருஷம் என்னைத் தலைவியாகப் போட்டது உனக்குப் பிடிக்கவில்லை. "நோய் வந்த உடம்பும்மா, வீட்டில் இரு" என்கிறாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு மறுநாள் நடந்ததை உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை.

கட்டோடு படுத்திருந்தேன். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வாளி தூக்கிய கை, இனி தலைவாரக்கூட ஆகாதோ என்று கிடந்தேன். அப்போது ஒரு அக்கா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் எடுத்தாச்சும்மா, பதினோரு வருஷம் ஆச்சு" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கி, தன் கொண்டையை அவிழ்த்து மறுபடியும் முடிந்தார். டாக்டர் அத்தனை சொல்லியும் மனசில் ஏறாதது, அந்தக் கொண்டையைப் பார்த்ததும் ஏறியது.

சுவரில் விரலை எறும்பு மாதிரி மேலே மேலே நகர்த்தும் பயிற்சியையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். சமையலறைக் கதவுப் பக்கம் இருக்கும் பென்சில் கோடுகள் அதுதான். தீபாவளிக்குத் தம்பி சாயம் அடிக்க வந்தபோது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன்.

இந்த வேலை புதுசு இல்லை பாப்பா. 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற அம்மா, தனக்கு ஆபரேஷன் ஆன பிறகு மற்ற பெண்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கத் தொடங்கினாராம். நம் நாட்டிலும் மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986இலிருந்து இருக்கிறது. நோய் கண்டவளே நோய் கண்டவளிடம் போவதுதான் இதில் எல்லாம்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பார்த்தேன், தோட்டத்தில் வேலை. கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல், தாயத்து கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்தாளாம். எனக்கு நெஞ்சு பதறியது, ஆனால் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை வரமாட்டாள். ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டுக்கு 5 ரிங்கிட்தான், ஆனால் ஒரு நாள் சம்பளம் போகிறதே, அதுதான் அவர்களைத் தடுக்கிறது. கூடவே போனேன். கீமோவில் சிவப்பு மருந்து ஏற்றினால் அன்றைக்கு மூத்திரம் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை, பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அன்று இரவு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம், சனிக்கிழமைகளில் ரவிக்கைக்குள் வைக்கும் துணி மார்பு தைக்கிறோம். பஞ்சு மட்டும் அடைத்தால் பாரமில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். அதனால் கடுகைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைக்கிறோம். துவைக்கும்போது எடுத்துவிடலாம். முதல் தடவை அதை வைத்துக் கண்ணாடி முன்னால் சேலையைச் சரிசெய்யும் பெண்ணின் முகத்தை நீ ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

நான் கவனமாகத்தான் இருக்கிறேன். மாத்திரை தவறுவதில்லை. அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடுவதில்லை, பாரமும் தூக்குவதில்லை. களைத்தால் படுத்துவிடுகிறேன், சத்தியம்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு 48 வயசில் வந்தது. தாய்க்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே மகள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆவணியில் உனக்கு 38. வேலை வேலை என்று தள்ளிப் போடாதே. நாள் குறித்ததும் எனக்கு மெசேஜ் போடு. லீவு போட்டு நான் அங்கே வருகிறேன், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

நாளைக் காலை ஏழு மணி பஸ். அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது கீமோ.

அன்புடன்,
அம்மா