பூட்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு: தண்ணீரை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணுக்கால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜூன், ஜூலையில் பைக்கில் லடாக், ஸ்பிட்டி போகிறவர்கள் இப்போதே சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டீர்கள். பச்சைமலை, கொல்லிமலை என்று ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்புகிறவர்கள் வருடம் முழுக்க வந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் எடுத்து முடித்துக் கடைசியாக பூட்ஸ் பக்கம் வரும்போது, பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி “இது வாட்டர்ப்ரூஃபா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் மூன்றாவதாக. வண்டி காலின் மேல் சாய்ந்தால் இந்த பூட்ஸ் கணுக்காலைத் திருகவிடாமல் பிடிக்குமா என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் பாதத்துக்குச் சரியாக உட்காருகிறதா என்பதை அடுத்துக் கேளுங்கள். இந்த வரிசையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம், இனிமேல் போனில் சைஸ் நம்பரை மட்டும் கேட்டு பூட்ஸ் ஆர்டர் எடுப்பதை ஏன் நிறுத்துகிறோம் என்று விளக்கத்தான் இந்த மடல்.

மண் பாதையில் கால் உடைவதற்கு வேகம் தேவையில்லை. நம் பக்கத்துப் பாதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடக் கரையோர மணல், அறுவடை முடிந்த வயலை ஒட்டிய வண்டிப்பாதை, ஐப்பசி மழையில் தொளியாகிக் கிடக்கும் வண்டல். முன்சக்கரம் மணலில் திடீரென்று மடங்கும், அல்லது களியில் வழுக்கும். வண்டி அப்போது ஆள் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். நாம் யோசிப்பதற்குள் கால் தானாகக் கீழே ஊன்றிவிடும். பாதம் சேற்றில் புதைந்து நிற்கும், வண்டி அதே பக்கம் சாயும், உடம்பு மட்டும் முன்னே போகும். எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஏறத்தாழ 155 கிலோ, ஹிமாலயன் 450 பைக் ஏறத்தாழ 196 கிலோ. அதில் ஒரு பங்கு இறங்கினாலே கணுக்கால் மூட்டு தாங்காது. வண்டியின் பின்பக்கவாட்டில் அலுமினியச் சாமான் பெட்டி மாட்டியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊன்றிய கால் பின்னால் இழுபடும்போது பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலில் வந்து மோதும், அல்லது கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் கடையில் எந்த பூட்ஸைக் கையில் எடுத்தாலும் இப்படிப் பாருங்கள். ஒரு கையால் குதிகாலை இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் மேல்விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மடங்க வேண்டும், இல்லையென்றால் கியர் போட முடியாது. பக்கவாட்டில் மட்டும் முரண்டு பிடிக்க வேண்டும். உங்கள் கைக்கே துணி மாதிரி மடிந்தால், விலை எவ்வளவு இருந்தாலும் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். அடுத்து, கணுக்கால் எலும்பு வரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் கெட்டியான கிண்ணம் போன்ற தகடு தட்டுப்பட வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் வைத்துவிட்டு உள்பக்கம் வெறும் ஸ்பாஞ்ச் வைக்கும் பூட்ஸ்கள் நிறைய வருகின்றன. கால் வழுக்கும்போது உள்கணு போய் இடிப்பது இன்ஜினிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும்தான். கடைசியாக பூட்ஸின் அடிப்பாகமான சோலை நடுவில் மடக்கிப் பாருங்கள். மடங்கக்கூடாது. உள்ளே எஃகுப் பட்டை ஒன்று பதித்திருப்பார்கள். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டும்போது உங்கள் முழு எடையும் அந்தப் பல்வைத்த குறுகலான இரும்பின் மேல்தான் நிற்கிறது. பட்டை இல்லாத சோலில் கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்கால் வலி எடுத்து உட்கார்ந்துவிடுவீர்கள். உட்கார்ந்தபடி கரடுமுரடான பாதையில் ஓட்டினால் வண்டி உங்கள் கையில் இருக்காது.

லேபிளையும் பார்க்கலாம். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 எண்ணும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பைக் பூட்ஸுக்கு நாம் பார்ப்பது ஐரோப்பியத் தர எண்ணான இஎன் 13634. பூட்ஸின் உள்ளே தைத்த துணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் சின்னம், அதன் கீழே நான்கு இலக்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. வரிசைப்படி உயரம், தரையில் உரசினால் தேயாமல் தாங்குவது, கூர்மையான பொருள் வெட்டினால் தாங்குவது, பக்கவாட்டில் நசுக்கினால் தாங்குவது. 2 என்றால் கூடுதல் தரம். மண் பாதைக்கு எடுக்கிறவர்கள் முதல் இலக்கமும் நான்காவது இலக்கமும் 2 ஆக இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அதோடு ஐபிஏ என்ற எழுத்துகள் இருந்தால் கணுவுக்கும், ஐபிஎஸ் இருந்தால் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்புக்கும் இடி தாங்கும் சோதனை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டபிள்யூஆர் என்பது தண்ணீருக்கு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நான்காவது இலக்கம் சோல் பகுதியை இருபுறமும் வைத்து நசுக்கும் சோதனைக்கானது. கணுக்கால் திருகுவதற்கு அந்த நான்கு இலக்கங்களில் தனி எண் கிடையாது. கையால் வளைத்துப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

எந்த வகை என்று கேட்டால், எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது கெண்டைக்கால் பாதி மறையும் உயரமான அட்வெஞ்சர் பூட்ஸ். மோட்டோகிராஸ் பூட்ஸ் பாதுகாப்பில் அதைவிட ஒரு படி மேல். கெட்டி பிளாஸ்டிக் ஓடு, கணுவில் கீல், நாலு பக்கிள். ஆனால் ஜோடி நாலு கிலோ வரை இருக்கும், நடந்தால் டக் டக் என்று கட்டைக்கால் நடைதான். நாள் முழுக்க டிரெயிலில் பழகுகிறவர்கள், பயிற்சிக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் அதையே எடுங்கள். மற்றவர்கள் இறங்கி நடக்க வேண்டும், டீக்கடையில் நிற்க வேண்டும். நம் ஊரில் ஒரு சுற்று போனால் வழியில் நாலு கோயில் வரும், ஒவ்வொன்றிலும் கழற்றி மாட்ட வேண்டும். அப்படிப் போகிறவர்கள் உயரத்தைக் குறைத்துவிடாமல் பக்கிள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று பக்கிளில் நல்ல பூட்ஸ்கள் இருக்கின்றன. பக்கவாட்டு ஜிப் வைத்த டூரிங் பூட்ஸ் கழற்ற சுலபம், தார்ச் சாலைக்கு அருமை. டெல்டா களிமண் ஜிப்பின் பல்லில் ஏறிக் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் ஜிப் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. வெல்க்ரோவும் சேறு பட்டால் ஒட்டாது. சேற்றுக்குப் பக்கிள்தான். திருகு கழற்றி மாற்றக்கூடிய பக்கிளாக இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

சிலர் கட்டட வேலைக்கான சேஃப்டி ஷூ போதாதா என்று கேட்கிறார்கள். விரல் மேல் கனமான பொருள் விழுந்தால் அது தாங்கும். அந்த எஃகு முனை 200 ஜூல் இடிக்குச் சோதிக்கப்பட்டது, அந்த வேலைக்கு அது நல்ல பொருள். கணுக்காலைப் பக்கவாட்டில் பிடிக்கும் அமைப்பு அதில் இல்லை. லேஸ் ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டினால், நிறுத்தும்போது கால் கீழே வராது. வயலுக்குப் போடும் கம்பூட் வேண்டவே வேண்டாம். சீமைக்கருவேல முள்ளுக்கே அது தாங்காது.

இப்போது தண்ணீர் விஷயம். வாட்டர்ப்ரூஃப் பூட்ஸின் உள்ளே கோர்-டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வு இருக்கும். வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே இருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடும். இந்த இரண்டாவது வேலை நடக்க வேண்டுமென்றால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். லடாக்கின் குளிர்ந்த உலர் காற்றில் அது பிரமாதமாக நடக்கும். அங்கே மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறும், அதில் கால் நனைந்து குளிர்காற்றில் ஓட்டினால் விரல் மரத்துப்போகும். அங்கே போகிறவர்கள் சவ்வு வைத்ததையே எடுங்கள், விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நிலைமை வேறு. சித்திரை, வைகாசியில் ஆவி வெளியேற வழியில்லாமல் கால் உள்ளேயே வெந்து ஊறும். அதுவும் போக, பூட்ஸ் எவ்வளவு வாட்டர்ப்ரூஃபாக இருந்தாலும் மேல்விளிம்பு வரைக்கும்தான். அதற்கு மேல் தண்ணீர் வந்து உள்ளே இறங்கிவிட்டால், வெளித்தண்ணீரை உள்ளே விடாத அதே சவ்வு உள்ளே வந்ததையும் வெளியே விடாமல் தேக்கி வைக்கும், காய இரண்டு மூன்று நாள் ஆகும். இங்கேயும் பச்சைமலையிலும் மட்டும் ஓட்டுகிறவர்கள் சவ்வு இல்லாத பூட்ஸ் எடுத்து, மழைக்கு நீர்புகாத சாக்ஸ் ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் முடிவு. மழைப் பேன்ட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் பேன்ட்டில் வழியும் தண்ணீரெல்லாம் நேராக பூட்ஸுக்குள் போகும். மேட்டூர் திறந்து ஆறுகளில் தண்ணீர் வந்த பிறகு வாய்க்காலிலோ ஆற்றிலோ வண்டியை இறக்கிப் பார்க்கவே கூடாது. எந்த பூட்ஸும் அதற்கானதல்ல.

பொருத்தத்துக்கு வருகிறோம். ஐரோப்பிய சைஸ் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு கூடும். நாம் செருப்புக் கடையில் சொல்லும் யூகே நம்பர் ஒவ்வொன்றும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். இரண்டு அளவுகோலும் ஒன்றோடொன்று நேராக உட்காராது, அதனால் ஒவ்வொரு கம்பெனியின் அட்டவணையும் ஒரு மாதிரி சொல்கிறது. சின்ன வயதிலிருந்து செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து வளர்ந்த நம் பாதங்களில் முன்பகுதி அகலமாக இருப்பதை இங்கே தினமும் பார்க்கிறோம். இத்தாலியத் தயாரிப்புகள் பலவற்றில், பூட்ஸை வடிவமைக்கும் பாத அச்சு குறுகல். நீளத்துக்கு 8 சரியாக இருக்கும், அகலத்துக்கு சுண்டுவிரல் நசுங்கும். அதற்காக ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் உள்ளே தூக்கி அடிக்கும், கணுவுக்கான தகடு கணுவுக்கு மேலே போய் நிற்கும். தகடு இடம் மாறினால் எவ்வளவு நல்ல பூட்ஸும் பயனில்லை. வேறு அச்சில் செய்த வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

கடைக்கு வர முடிந்தவர்கள் சாயங்காலம் வாருங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், ஓட்டும்போதும் அப்படித்தான். ஓட்டும்போது போடும் முழங்கால் வரைக்குமான சாக்ஸையே கொண்டுவாருங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். முட்டிக் கவசம் போடுகிறவர்கள் அதையும் எடுத்துவாருங்கள், பூட்ஸின் மேல்விளிம்போடு அது இடிக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உங்கள் வண்டியில் ஏறி, ஃபுட்ரெஸ்ட்டில் நின்று, முட்டியை மடக்கிப் பாருங்கள். நாங்கள் வண்டியைப் பிடித்துக்கொள்கிறோம்.

வெளியூரில் இருப்பவர்கள் ஏ4 தாள் ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேல் எடையை ஊன்றி நின்று, வேறு ஒருவரை விட்டு பென்சிலை நேராக நிறுத்திப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறி அளவு தப்பும். இரண்டு காலும் வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குத்தான் எடுக்க வேண்டும். கெண்டைக்காலின் தடித்த இடத்தைத் தையல் டேப்பால் சுற்றி அளந்து தாளிலேயே எழுதிவிடுங்கள். தாளின் நாலு மூலையும் தெரியும்படி நேர் மேலிருந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர் என்பதால் படத்திலிருந்தே அளவை எங்களால் சரிபார்க்க முடியும். இனிமேல் இந்தப் படம் வந்த பிறகுதான் பூட்ஸ் அனுப்புவோம்.

“பழைய ஸ்டாக், பாதி விலை” என்று எங்கே பார்த்தாலும் கொஞ்சம் நில்லுங்கள். பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தால் நாளடைவில் உள்ளுக்குள் சிதையும், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். நம் டெல்டாவின் ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், முதல் பயணத்தில் சோல் துண்டு துண்டாக உதிரும். தயாரித்த மாதம், வருடத்தைப் பாருங்கள். சோலின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்போ பொடியோ வந்தால் வேண்டாம். ரப்பர் சோலைத் தைத்து இணைத்த பூட்ஸுக்குத் தேய்ந்தபின் சோல் மட்டும் மாற்றலாம். விலை கூடினாலும் நெடுநாள் ஓட்டுகிறவர்களுக்கு அதுவே லாபம்.

வாங்கிய அன்றே மலைக்குக் கிளம்ப வேண்டாம். முனை தடிமனாக இருப்பதால் கியர் லீவருக்கு அடியில் கால் நுழையாது, பின்பிரேக் எங்கே இருக்கிறதென்றே பாதத்துக்குத் தெரியாது. லீவரைக் கொஞ்சம் உயர்த்தி, பிரேக் பெடலையும் சரிசெய்து தருகிறோம். அதற்குக் கூலி இல்லை. அப்புறம் காலி மைதானத்தில் பழகுங்கள். சேற்றில் ஓட்டி வந்தால் களி காய்வதற்குள் கழுவிவிடுங்கள். கோடியக்கரை, வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அன்றே அலச வேண்டும், உப்பு பக்கிள் திருகுகளை அரித்துவிடும். இன்சோலை வெளியே எடுத்து, செய்தித்தாளை உள்ளே திணித்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும், தோல் விறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெளியிலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் உங்கள் பூட்ஸைக் கொண்டுவந்தால், பக்கிள், சோல், கணுத் தகடு மூன்றையும் பார்த்துச் சொல்கிறோம். லடாக் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதமாவது முன்னால் வாருங்கள். உங்கள் அளவு கையிருப்பில் இல்லாவிட்டால் வரவழைக்கவும், கால் பழகவும் அவ்வளவு நாள் வேண்டும்.

அன்புடன்,
கடையிலிருந்து,
கும்பகோணம்