மட்டக்களப்பு வாவிக்கு வரும் உள்ளான்களைக் கணக்கெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளிகளில் குஞ்சு பொரித்து, நமது கிழக்குக் கரையோரக் களப்புகளுக்கு ஆண்டுதோறும் வந்துசேரும் வளைமூக்கு உள்ளான் என்னும் சிறு கரைப்பறவையை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024 ஒக்டோபரில் இனங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலின் கூடிய அபாய நிலைக்கு மாற்றியுள்ளது. அவ்வேளையில் இவ்வாறு மாற்றப்பட்ட வலசைக் கரைப்பறவை இனங்கள் 16 ஆகும்.

ஆர்க்டிக்கில் தமது வழக்கமான இரையான லெமிங் எலிகள் அருகும் ஆண்டுகளில் நரிகள் இப்பறவையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்பதை நாம் தடுக்க இயலாது. ஆனால், மாதக்கணக்கில் இங்கு இரைதேடி, மீளும் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஆழமற்ற சேற்றுத்தரைகள் நமது பொறுப்பிலேயே உள்ளன. கரையை மண்ணிட்டு நிரப்புவதும், கண்டல்களை வெட்டுவதும், இறால் பண்ணைகளுக்காக ஓரங்களைத் தோண்டுவதும் அவற்றையே முதலில் விழுங்குகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் குமண ஈரநிலத் தொகுதிக்கு 2010இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கு வழங்கப்படும் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. மட்டக்களப்பு வாவிக்கு அது இல்லை. ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பயனுள்ளதே எனினும், வெள்ளத்தின்போது முகத்துவாரம் வெட்டப்பட்டு நீர்மட்டம் திடீரென இறங்கும் ஒரு வாவியில், ஒரு தடவை எண்ணுவது போதாது என்பதே என் கருத்து. செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை மாதந்தோறும் ஒரே இடங்களில் எண்ணுவதையும் பறவைகளை அடையாளங்காணக் கால்வளையமிடுவதையும் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் மாணவர்கள், வாவியை நன்கறிந்த தோணிக்காரர்களின் துணையுடன் மேற்கொள்வதற்கு வனஜீவராசிகள் திணைக்களம் அனுமதியும் நிதியும் வழங்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.