படிக்கக் கட்டாயமில்லாத கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

தனியாக உட்கார்ந்தால்தான் உனக்குக் கணக்கு ஓடும் என்பது எனக்குத் தெரியாததா? வந்தவர்களெல்லாம் "உங்கள் பெண்ணுக்குத் திமிர்" என்றபோது, "உள்ளே வேலை செய்கிறாள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். இன்றும் சொல்வேன். ஆனால் உன் கணித ஆராய்ச்சியில் எழுதியதை ஒருவரிடமாவது காட்டுகிறாயா?

கேட்டால், ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற பழைய கணிதக் கூற்றை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸ் கதையை எடுத்துவிடுவாய். 1986 முதல் ஏழு ஆண்டுகள் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாமல் வீட்டு மாடியில் உழைத்தார், சரி. அந்தக் கதையை எப்போதும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறாயே, ஏன்? 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்த பிறகு, சரிபார்த்தவர் கேட்ட கேள்வியால்தான் நிரூபணத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. மாதக்கணக்கில் தனியாக முட்டிமோதிவிட்டு, தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரை உதவிக்குக் கூப்பிட்டார். 1994 செப்டம்பரில் அதை அடைக்கும் வழி வைல்ஸுக்கேதான் தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைவிட இருந்தவரை "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று பிடித்து நிறுத்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாரே! உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

தினமும் கூடிப் பேசச் சொல்லவில்லை. பாதிக் கூட்டங்கள் வெட்டிப்பேச்சு, எனக்கும் தெரியும். ஹார்டி, லிட்டில்வுட் என்ற இரண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர்கள் ஏறத்தாழ 35 ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள், பெரும்பாலும் கடிதத்திலேயே. லிட்டில்வுட் என்று ஒருவர் உண்மையில் இருக்கிறாரா என்றுகூடக் கேலி பேசினார்களாம். அவர்களுக்குள் வைத்துக்கொண்ட முதல் விதி: எழுதி அனுப்புவது சரியா தவறா என்பது பொருட்டே இல்லை. இரண்டாவது: வந்த கடிதத்தைப் படிக்கவோ பதில் போடவோ கட்டாயமில்லை.

இரண்டாவது விதியை நீ எங்களிடம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாய். முதல் விதியை உன் நெறியாளரிடம் கொஞ்சம் கடைப்பிடித்துப் பாரேன். தப்பாக இருந்தாலும் காட்டு. அரைகுறையாக இருந்தாலும் காட்டு. அவரிடம் கூச்சமாக இருந்தால் உன்னோடு படிக்கும் ஒருவரிடம் காட்டு. முழுதாக முடித்துவிட்டுத்தான் வாய் திறப்பேன் என்று இருக்காதே.

செய்திகள் எழுத இடமில்லாமல் போயிற்று. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதை அம்மா சொல்வாள், நீ தொலைபேசியை எடுத்தால்.

அன்புடன்,
அப்பா