17ஆம் வகுப்பைப் பற்றி மகளுக்கு

திருகோணமலை
ஆனி 3

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் முற்றத்து வேம்பு நாள் முழுவதும் இலை கொட்டுகிறது. அம்மாவின் முழங்கால் முன்னரைவிடப் பரவாயில்லை. மற்றச் செய்திகளை அவள் எழுதுவாள். நான் எழுத உட்கார்ந்தது நீ அனுப்பிய போட்டி நிரலைப் பற்றி.

அது வந்து மூன்று கிழமையாகிறது. ‘அப்பா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்ற மூன்று சொற்களைத் தவிர வேறொன்றும் நீ எழுதியிருக்கவில்லை. நான்கு பக்க நிரலையும் பெயர்ப்பட்டியலின் படத்தையும் கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து, பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நிரலைத் திருத்துவதைப் போலவே சிவப்புப் பேனாவோடு ஒவ்வொரு இரவும் வாசித்து வருகிறேன். நுவரெலியாவில் ஏரிக்கரை மட்டக்குதிரையைக் கண்டு என் கையை விட மறுத்த பிள்ளை, இன்று ஒன்ராறியோவில் 22 வகுப்புகள் கொண்ட ஒரு ஹண்டர் குதிரைப் போட்டியைத் தானே நடத்தப் போகிறாள் என்பதை அயலவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக நீ அழைக்கவில்லை என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜம்பர் போட்டியில் தடி விழுந்ததா, எத்தனை விநாடி ஆனது என்பவைதான் கணக்கு. ஹண்டரில் குதிரை எப்படிப் போனது என்பதையே நடுவர் பார்க்கிறார் என்று நீ முன்பு எழுதியபோது எனக்கு அது சரியாக விளங்கவில்லை. சென்ற மாதம் கோணேசர் கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போகையில் கோட்டைக்குள் ஒரு புள்ளிமான் பாதையோர வாய்க்காலைக் கடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வாய்க்காலின் விளிம்பு வந்ததும் முன்னங்கால் இரண்டையும் மடித்து, முதுகை வளைத்து, மறுபக்கம் இறங்கி, முன்பு வந்த அதே சீரில் நடையைத் தொடர்ந்தது. வாய்க்கால் ஒன்று அங்கே இருந்ததாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. அப்போதுதான் நீ சொன்னது பிடிபட்டது. வேட்டைக்காட்டில் எதிர்ப்படும் வேலியையும் மரக்கதவையும் பற்றைகளையும் போலவே உங்கள் தடைகளை ஏன் செய்கிறீர்கள் என்பதும், எட்டுத் தடைகளையும் ஒரே சீரில் கடக்கும் குதிரைக்கு ஏன் முதலிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் விளங்கின. ஓர் ஆசிரியனாகச் சொல்கிறேன்: இது நல்ல போட்டி. வேகத்தைக் கேளாமல் ஒழுங்கைக் கேட்கிறது.

இனி நிரலுக்கு வருகிறேன். 22 வகுப்புகளில் 6 வகுப்புகள் தடையில்லாமல், எல்லாக் குதிரைகளும் ஒன்றாகக் களத்தில் நடந்தும் ஓடியும் காட்டுபவை. மீதி 16 வகுப்புகளிலும் குதிரைகள் ஒவ்வொன்றாக வந்து தடை பாய வேண்டும். வகுப்புக்குப் பத்துக் குதிரை வந்தால் 160 சுற்றுகள். ஒரு குதிரை வாசலால் நுழைந்து பாய்ந்து வெளியேற 2 நிமிடம் என்று வைத்தாலே 320 நிமிடம்; மற்ற ஆறுக்கும் கால் மணித்தியாலப்படி 90 நிமிடம். காலை 8 மணிக்குத் தொடங்கினாலும், தடைகளை உயர்த்தாமல், மணலைச் சீராக்காமல், நடுவருக்கு ஒரு வாய் சோறு கொடுக்காமலே பிற்பகல் 3 மணி நெருங்கிவிடும். அத்தனையையும் சேர்த்தால் 5 மணி. அந்த 5 மணியில் நீ யாரை விட்டிருக்கிறாய் என்று பார். குறுக்குத்தடி பாயும் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை. காலையிலிருந்து சவாரி உடுப்போடு வெயிலில் காத்திருந்து, சாப்பிட மனமில்லாமல், பயத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர்கள் கடைசியாகக் களத்துக்குள் வருவார்கள். நாங்கள் எப்போதும் சின்னப் பிள்ளைகளின் ஓட்டத்தைத்தான் முதலில் வைத்தோம். அவர்களை முதலில் விடு. தடையும் தாழ்விலிருந்து உயர்ந்துகொண்டு போகும், உன் உதவியாளர்களுக்கும் குழப்பம் குறையும்.

அந்தப் பிள்ளைகளின் தலைக்கவசங்களைக் களத்தின் வாசலில் ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நாடிக்குக் கீழே வார் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்கக் கூடாது. ஒரு முறை விழுந்து அடிபட்ட கவசத்தில் வெளியே கீறல் ஒன்றும் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை நசிந்திருக்கும், அதை மறுபடி போடக் கூடாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஆகவே விழுந்தவர்கள் விழுந்ததைச் சொல்ல வேண்டும். உன்னுடைய கவசம் எப்போது வாங்கியது?

இன்னொன்று. உங்கள் கொட்டிலின் மட்டக்குதிரைகளில் பழுப்பு நிறத்ததை மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாய். மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று வகுப்பு என்றால் அந்த வாயில்லாப் பிராணிக்கு ஒன்பது வகுப்பு. எங்கள் போட்டியில் ஒரு பிள்ளை எத்தனை தனி நிகழ்ச்சிகளில் பங்குபற்றலாம் என்று வரம்பு வைப்போம்; நீயும் ஒரு குதிரைக்கு இத்தனை என்று வரம்பு வைத்து நிரலின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடு. அன்றைக்கு வாசலில் நின்று ஒரு தாயிடம் சொல்வதைவிட அது இலகு.

முதற்பரிசே வாங்காதவர்களுக்கு மெய்டன், மூன்று முதற்பரிசு வாங்காதவர்களுக்கு நொவிஸ், ஆறு வாங்காதவர்களுக்கு லிமிட் என்று பிரித்திருப்பதை வாசித்து மிகவும் மகிழ்ந்தேன். வயதைக்கொண்டு பிரித்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆறு வயதிலிருந்தே பழகி வந்து, நேற்றுத் தொடங்கிய பிள்ளையைத் தோற்கடிக்கும். உயரத்தைக்கொண்டு மட்டும் பிரித்தால் மூன்றடி பாய்பவர் இரண்டடிக்கு இறங்கி வந்து பரிசு நாடாவைக் கொண்டுபோவார். வென்றதைக்கொண்டு பிரிப்பதே நீதி. முப்பது வருடம் போட்டி நடத்திய எனக்கு அது தோன்றவில்லையே என்று வருந்தினேன். லிமிட் வகுப்புக்கு மாத்திரம் ஆள் குறைவாக இருந்தால் நொவிஸோடு சேர்த்துவிடு. வகுப்புகளைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் நடத்துபவருக்கு உரிமை உண்டு என்று நிரலின் அடியில் நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் சிவப்பில் இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன்.

தடைகளின் வரைபடத்தையும் பார்த்தேன். தடைகளுக்கு இடையில் ஓடும்போது குதிரையின் ஒரு பாய்ச்சல், அதாவது ஒரு எட்டு, 12 அடி. இறங்குவதற்கு 6 அடி, எழும்புவதற்கு 6 அடி. ஆகவே நான்கு பாய்ச்சல் இடைவெளிக்கு 60 அடி. கணக்குச் சரி. ஆனால் உயரம் 12.2 கைக்கு, அதாவது நாலங்குலக் கையால் 12 கை 2 அங்குலத்துக்கு, மேற்படாத சின்ன மட்டக்குதிரையின் கால் 12 அடிக்கு எட்டாதே. அதே 60 அடியை அதற்கும் வைத்தால் நான்காவது பாய்ச்சலில் தடை இன்னும் தூரத்தில் இருக்கும். துணிந்த குதிரை தூரத்திலிருந்தே எழும்பும். துணியாதது இன்னொரு சின்ன எட்டை இடையில் செருகும். இரண்டிலும் மேலே இருக்கும் பிள்ளைதான் கழுத்துக்கு முன்னே போகும். மட்டக்குதிரைகளின் வகுப்புகளை ஒன்றாக அடுக்கி, அவற்றுக்கு இடைவெளியைக் குறைத்து, பிறகு ஒரே முறையில் பெரிய குதிரைகளுக்கு மாற்று. தடையின் உயரத்தை எல்லோரும் பார்ப்பார்கள், மகள். இரண்டு தடைகளுக்கு இடையிலான தூரத்தை நடத்துபவர்தான் பார்க்க வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய். பெண்களின் 100 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் முதல் தடைக்கு 13 மீற்றர், அதன் பிறகு 8.5 மீற்றருக்கு ஒன்றாகப் பத்துத் தடைகள், இடையில் மூன்றே எட்டு. இதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான். அந்த வருடம் மேற்பிரிவுப் பெண்கள் சட்டவேலிக்கு இரண்டு பெயர்கள்தான் வந்திருந்தன. மூன்று பேர் இல்லாவிட்டால் நிகழ்ச்சியை நீக்க வேண்டும், நீக்கினால் நிரலில் ஒரு வெற்றிடம் விழும், அதிபரும் விருந்தினரும் கேட்பார்கள் என்று எண்ணி, முதல் நாள் இரவு நம் வீட்டு மேசையில் வைத்து மூன்றாவது பெயராக உன் பெயரை நானே எழுதினேன். உனக்கு அப்போது 13 வயது. உன் காலுக்கு 8.5 மீற்றர் மூன்று எட்டில் வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இரண்டாவது தடைக்கு முன்னால் நீ நான்காவது எட்டு வைத்ததை அறிவிப்பாளர் மேசையிலிருந்து பார்த்தேன். தடையோடு சேர்ந்து விழுந்ததையும், வலது கையை ஊன்றியதையும் பார்த்தேன். ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தேன். அம்மாதான் உன்னை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் இரவு ஏழு மணிக்கு வந்து, மணிக்கட்டில் மாக்கட்டோடு கிடந்த உன்னிடம், உங்கள் இல்லத்துக்குத்தான் கேடயம் என்று சொன்னேன். நீ சிரித்தாய். இருபத்தொரு வருடமாக அந்தச் சிரிப்பை மன்னிப்பென்று வைத்துக்கொண்டேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் காலையும் தடையையும் அளக்கத் தெரிந்த தகப்பன், அளவைத் தெரிந்துகொண்டே நிரலை நிரப்ப உன்னைப் போட்டுவிட்டேன். விழுந்த பிறகாவது எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்குப் பிறகு நீ விழுந்த எதையும் எங்களிடம் சொன்னதில்லை. அதை அப்பா குறையாகச் சொல்லவில்லை.

இப்போது 17ஆம் வகுப்பு. 17, 18, 19 மூன்றும் சேர்ந்த மூன்றடிப் பிரிவுக்கு இதுவரை இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. மூன்றாவதாகப் பென்சிலால் உன் பெயர். குதிரை, இந்த வருடம்தான் தடை பாயத் தொடங்கிய அந்தச் சாம்பல் நிறத்தது. கிறீன் என்று நீ சொல்வது இப்படிப் புதிதாகத் தொடங்கிய குதிரையைத்தானே? ஒரு பிரிவுக்கு மூன்று குதிரையாவது வேண்டும், 10, 6, 4 என்று புள்ளி போட்டுச் சாம்பியன் நாடாவைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு விளங்குகிறது. விளங்குவதால்தான் எழுதுகிறேன். போட்டியை நடத்துபவர் அன்றைக்குக் குதிரையில் ஏறக் கூடாது. நடுவரின் தாளையும், வாசலையும், தடைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டியவர், காலில் குதிமுள் கட்டிக்கொண்டு பயிற்சிக் களத்தில் நின்றால் மீதியை யார் பார்ப்பது? மூன்றடியை இரண்டு அடி ஒன்பது அங்குலத்தோடு சேர்த்துவிடு. அந்த இரண்டு பேரும் சம்மதியாவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிவை நீக்கிவிடு. நிரலில் ஒரு வெற்றிடம் இருந்தால் என்ன?

வேறு சில சிறு விடயங்கள். அகலத் தடையின் பின்தடிக்கு, குதிரை முட்டினால் உடனே கழன்று விழும் தாங்கிகளையே போடு. தரையில் கிடத்தும் தடி தடையின் முன்பக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் கிடந்தால் குதிரை தூரத்தைத் தவறாக எடுக்கும். உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டச் சொல். களத்தில் ஒன்றாக ஓடும் வகுப்புக்கு ஆள் கூடினால் இரண்டாகப் பிரி. அம்புலன்ஸ் முதற்குதிரைக்கு முன்னால் வந்து கடைசிக் குதிரைக்குப் பின்னால்தான் போக வேண்டும். தலைக்கவசத்தைப் பற்றி மேலே எழுதினேன். அதை இன்னொரு முறை வாசி.

அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறாள், ஆடியில் கனடா வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். கடைசியாகக் காணொளியில் கதைத்தபோது நீ தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடித்திருந்தாய் என்று அவள் சொன்னாள். நான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பெயர்ப்பட்டியலின் எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, சின்னப் பிள்ளை எழுதியதைப் போல இருப்பதைப் பார்த்து அவள் கேட்டபோது, அவசரத்தில் எழுதியிருப்பாள் என்றேன்.

பிரிவுகளைச் சேர்த்துத் திருத்திய பட்டியலை எனக்கு அனுப்பு. கணினியில் அடித்து அனுப்ப வேண்டாம். அவசரமும் இல்லை. எத்தனை கிழமை ஆனாலும், உன் வலது கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா