எவ்வளவு ஓடியது என்பது சரி, எப்படி நின்றது?

பழைய கார்களை ஏலம் விடும் நிறுவனங்களுக்கும், அந்த வண்டிகளுக்கு விவரக் குறிப்பு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஏலக் கையேடுகளை விடாமல் வாசிக்கிறவன் நான். வாங்கும் வசதி இல்லை. வாசிக்க வசதி எதற்கு? ஒவ்வொரு கையேட்டிலும் அப்படி ஒரு வண்டியாவது வந்துவிடுகிறது. நாற்பது வருடப் பழசு, மீட்டரில் சில நூறு கிலோமீட்டர்தான், சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கிலோமீட்டர் எண்ணைத் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். எவ்வளவு ஓடியது என்று தெரிந்துவிடுகிறது. இத்தனை வருடம் எப்படி நின்றது என்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஓடாத வண்டிக்கு மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. அதற்குத் தனி மதிப்பு உண்டு. தொழிற்சாலையில் எந்த போல்ட்டுக்கு எந்த நிறம் பூசினார்கள், எங்கே பெயிண்ட் மெலிசாக அடித்துவிட்டுப் போனார்கள், பரிசோதகர் சாக்பீஸால் எங்கே கோடு போட்டார் என்பதெல்லாம் கைபடாத வண்டியில்தான் அப்படியே இருக்கும். புதுப்பித்த வண்டிகளில் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைவிட அதிகமாகப் பளபளக்கின்றன; கதவு இடுக்குகள் நூல் பிடித்தாற்போல் இருக்கின்றன. நிஜத்தில் அப்படி இருந்ததே இல்லை. அந்த நிஜத்தைக் காட்ட, யாரும் தொடாத வண்டி ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்க வேண்டும். மொத்தமே 106தான் செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகக் காரில் ஒன்று, 400 கிலோமீட்டர்கூட ஓடாதது, 2021ல் 2 கோடி டாலருக்கும் மேலே போனபோது நான் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் அந்தப் பணத்தைக் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? பெரும்பாலும் பதின்ம வயதில் அந்த வண்டி தன்னைக் கடந்து போனதைப் பார்த்தவராக இருப்பார். கியர் மாற்றும்போது எஞ்சின் போட்ட சத்தம், நின்றதும் வந்த சூடான ஆயில் வாசனை, ஜன்னலில் கை வைத்திருந்த ஆள். ஏக்கம் என்பது ஓடிய வண்டியின் மேல்தான். ஆனால் வாங்குவதோ ஓடக் கூடாத வண்டியை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை இறங்கும் என்று பயந்து அவரும் உறை போட்டு மூடுகிறார். அந்தப் பயத்தில் உங்கள் கொட்டை எழுத்துக்கும் பங்கு உண்டு.

ஓடினால் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். நின்றால் என்ன ஆகும் என்பது மெக்கானிக்குக்குத்தான் தெரியும். பல வருடம் நின்ற வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பெட்ரோல் ஆவியாகிப் போய், அடியில் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி ஒரு பிசின் படிந்திருக்கும். பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் மிதவை ஊசி அதில் ஒட்டிக்கொண்டு அசையாது. பெட்ரோல் போகும், ஊசி முனை அகலமே உள்ள பித்தளைத் துளைகளில் (ஜெட்) ஊதினாலும் காற்று போகாது. டேங்கின் உள்ளே ஈரம் கோத்துத் துரு. பிரேக் ஆயில் சும்மா இருந்தாலே காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அது சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று புகுந்து, பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். புது முதலாளி ஆசையோடு சாவியைத் திருகினால் ரிங் உடையும், இல்லை சுவரில் கீறல் விழும். கையால் மெல்லச் சுற்றிப் பார்த்த பிறகே செல்ப் அடிக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் யாரும் எழுதுவதில்லை. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டுவது, ஆயில் சீல் காய்ந்து முதல் பயணத்திலேயே ஒழுகுவது, எலி ஒயரைக் கடிப்பது எல்லாம் அப்புறம்.

சில பாகங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, காலக் கணக்குதான். ஃபெராரி எஃப்40ன் பெட்ரோல் டேங்க் ரப்பர் பை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

அமெரிக்காவில் டல்சா நகரத்துக்காரர்கள் 1957 ஜூனில் செய்ததைவிட ஒரு வண்டியைப் பத்திரப்படுத்த முடியாது. புத்தம் புது பிளிமத் பெல்வெடேர் ஒன்றை உறை போட்டுச் சுற்றி, கான்கிரீட் அறைக்குள் வைத்துப் பூமிக்கடியில் புதைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து 2007ல் தோண்டி எடுக்கும்போது பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அதையும் கூடவே வைத்தார்கள் (முன்யோசனைக்கு ஒரு கும்பிடு). சொன்னபடி தோண்டினால், அறைக்குள் தண்ணீர் புகுந்து வண்டி துருவில் ஊறிக் கிடந்தது. அதைவிடக் குறைவாக ஓடிய 1957 பிளிமத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று. 2013 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் பியர்ஸ் என்ற சின்ன ஊரில், மூடிக் கிடந்த லாம்ப்ரெக்ட் செவர்லே டீலரிடம் விற்காமல் தங்கிப்போன வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடிய 1958 கேமியோ பிக்கப் 1 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அதே மாதத்தில் அலாஸ்காவில் ஒரு சிவப்பு வால்வோ பி1800எஸ் 30 லட்சம் மைலைத் தாண்டியது, அதாவது கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். 1966ல் அதைப் புதிதாக வாங்கிய இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியரே கடைசிவரை ஓட்டினார். எனக்கு ஒன்றைத் தருவதாகச் சொன்னால் வால்வோவைத்தான் கேட்பேன். அதை நம்பி ஏறி உட்காரலாம்.

ஓடிய வண்டியை எழுதத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018ல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது பந்தயத்தில் வதைபட்ட வண்டி. எந்த ஆண்டு எந்தப் பந்தயம், யார் ஓட்டியது என்று வரிசைப்படுத்தி, ஓடியதையே பெருமையாக்கினீர்கள். பந்தயம் ஓடாத சாதாரண வண்டி என்று வரும்போது மட்டும் ஓட்டம் ஏன் குறையாகிவிடுகிறது?

சேர்த்து வைத்தாலே அரிதாகிவிடும் என்ற நினைப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1976ல் காடிலாக் எல்டொராடோவை, அமெரிக்காவின் கடைசித் திறந்த கூரை கார் என்று சொல்லி விற்றார்கள். அந்த ஆண்டு 14,000 வண்டிகள். நிறையப் பேர் வாங்கி ஓட்டாமலே பூட்டி வைத்தார்கள். 1984ல் அதே கம்பெனி மறுபடியும் திறந்த கூரையோடு வந்துவிட்டது. பூட்டி வைத்தவர்களில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்தது எப்படி அரிதாகும்? தெருவில் வலம் வராத வண்டியின் மேல் அடுத்த தலைமுறைக்கு ஏக்கம்தான் எங்கிருந்து வரும்?

அப்புறம் அந்த எண். பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்தே இலக்கம். 99,999க்குப் பிறகு சுழியத்துக்கு வந்துவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரைச் சுற்றும் கேபிளைக் கழற்றிவிட்டால் எண் நகரவே நகராது. மீட்டரைத் திருப்பி வைப்பதை அமெரிக்கா 1972லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு மீட்டர் எண்ணை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்ற விலக்கும் அங்கே பல காலம் இருந்தது. நீங்கள் விற்பதெல்லாம் அந்த விலக்குக்குள் வருகிற வண்டிகள்தானே! எண்ணை நம்பாமல் பெடல் ரப்பரைப் பாருங்கள். ஸ்டீயரிங் விளிம்பைத் தடவிப் பாருங்கள். முன் கண்ணாடியை வெயிலுக்கு எதிரே நிறுத்தினால், சாலையில் ஓடிய வண்டி என்றால் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும். இவற்றையும் சர்வீஸ் பில்களையும் படம் எடுத்துப் போட்டால் எண் தன்னால் நிற்கும்.

சரி, நான் கேட்பது இதுதான். கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே நின்ற கதையையும் எழுதுங்கள்: கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது, எந்த மாதிரி இடத்தில் நின்றது, டேங்கைக் காலி செய்து வைத்தார்களா இல்லையா. குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்வதை வெட்டாமல் வீடியோவாகக் காட்டுங்கள். ஹோஸும் சீலும் மாற்றியிருந்தால் அதைக் குறையாக எழுதாதீர்கள். கழற்றிய பழசைப் பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுத்தால் ஒரிஜினல் எங்கேயும் போய்விடாது. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் பார்த்துப் பார்த்து ஓட்டி, பில்லையும் சேர்த்து வைத்த உரிமையாளருக்கும் தலைப்பில் ஒரு வரி கொடுங்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனமே பாதுகாப்போடு பயன்பாட்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

அடுத்த ஏலத்தில் ஒரே ஒரு வண்டிக்காவது இப்படி எழுதிப் பாருங்கள். விலை குறைந்தால் என்னைத் திட்டலாம். ஒரு விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. ‘கம்பெனியிலிருந்து வந்த அதே டயர்’ என்று பெருமையாகப் போடுகிறீர்களே, அதற்குக் கீழேயே டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதியின் படத்தையும், இந்த டயரில் சாலைக்குப் போகக் கூடாது என்ற வரியையும் போடுங்கள். பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரியும் இறுகிப்போன ரப்பரை நம்பி, வாங்கிய சந்தோஷத்தில் ஒருவர் வேகமெடுத்தால் போவது வண்டி மட்டும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கையேடுகளின் பழைய வாசகன்